வெற்றுக் கரைசல்

ஏழு குடுவைகள்.
ஆறில் மருந்து கலந்த அமிலம், ஒன்றில் வெறும் அமிலம்.
ஊஜ்தா பல்கலைக்கழகத்தின் இரண்டாம் மாடியில்
பாலைக்காற்று சன்னல் ரப்பரைத் தின்றுவிட்டதால்
செய்தித்தாளை மடித்துச் செருகியிருக்கிறாள் யம்னா.

முதலில் முரட்டு உப்புத்தாள், பிறகு நடுத்தரம்,
கடைசியில் தன் முகம் மங்கலாகத் தெரியும்வரை மென்தாள்.
அசிட்டோனில் கழுவிய எஃகுத் துண்டைத்
தராசில் வைக்கிறாள்:
11.2046 கிராம்.
கடைசி இலக்கம் அவள் மூச்சுக்கே ஆடுகிறது.

மருந்து அவளே சமைத்தது. குயினோலின் வளையம்,
மூன்று மாதம், இரண்டு முறை கருகியது.
பழுப்பு நிறம்; மீன் சந்தையின் பின்வாசல் மணம்.

அது அமிலத்தோடு சண்டைக்குப் போவதில்லை.
அமிலம் துருவைத் தின்கிற தன் வேலையை
அதுபாட்டுக்குச் செய்யட்டும் என்று விட்டுவிட்டு
இரும்பின் மேல் போய்ப் படுத்துக்கொள்கிறது.
நைட்ரஜனிடம் யாருக்கும் கொடுக்காத
ஒரு சோடி எலக்ட்ரான் இருந்தது;
இரும்பிடம் காலி இடம் இருந்தது.
சந்தை கலைந்த இரவில் கடைக்காரன் விரிக்கும் தார்ப்பாய்போல
வளையங்கள் தட்டையாக விரிந்துகொள்கின்றன.
ஒரு மூலக்கூறின் தடிமன்தான்.

ஆறு மணி நேரம் கழித்து
வெறும் அமிலத்தில் தொங்கிய துண்டு
இழந்தது 96 மில்லிகிராம்.
மருந்தில் தொங்கியது, ஐந்து புள்ளி எட்டு.
தொண்ணூற்று நான்கு சதவீதம்!
கால்குலேட்டரை நம்பாமல் காகிதத்திலும் வகுத்துப் பார்த்தாள்.

அப்போதுதான் ஷுஐப் வந்தான்,
நாடோர் ஆலையிலிருந்து பங்கு டாக்ஸியில்,
மாவுப் பையில் தகட்டுத் துண்டுகளோடு.
துருநீக்கும் தொட்டியில் பத்தொன்பது வருடம்.
சிரிக்கும்போதெல்லாம் உள்ளங்கையால் வாயை மூடுவான்;
கூச்சம் என்றுதான் நினைத்திருந்தாள்.
இன்று தேநீரை ஆறவைத்து
கடைவாய் ஓரமாக ஊற்றிக்கொள்ளும்போது பார்த்தாள்:
முன்பற்கள் பாதிதான்,
விளிம்பு கண்ணாடிபோல் மெலிந்து.
பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள் என்று
யாரும் இனி அவனிடம் சொல்ல முடியாது.

தொண்ணூற்று நான்கு, என்றாள்.
எத்தனை டிகிரியில், என்றான்.
முப்பது.
எங்கள் தொட்டி எழுபது.

அது அவளுக்கும் தெரியும்.
முந்தாநாள் எழுபதில் வைத்துப் பார்த்தாள்.
சூட்டில் தார்ப்பாயின் முனைகள் கிளம்பிவிடுகின்றன. அறுபத்தொன்று.
நோட்டின் கடைசிப் பக்கத்தில், பென்சிலால்,
பேராசிரியர் கண்ணில் படாத சின்ன எழுத்தில்.
சொல்ல நினைக்கவில்லை, சொல்லிவிட்டாள்.

அவன் எண்ணைக் கேட்டதாகவே தெரியவில்லை.
குந்தி உட்கார்ந்து
இரண்டு குடுவைகளை மாறி மாறிப் பார்த்தான்.
ஒன்றில் நூல் ஆடுகிற அளவு நுரை,
மற்றதில் எப்போதாவது ஒரு குமிழி
மனசில்லாமல் மேலே வருவது.

"இதில் குமிழி குறைவு."
"ஹைட்ரஜன். ஆமாம்."
"குமிழி உடையும்போதுதானே
அமிலம் எங்கள் மூச்சுக்கு ஏறுகிறது?"

அவள் அட்டவணையில்
செறிவுக்கு ஒரு கட்டம், எடை இழப்புக்கு ஒன்று,
அரிப்பு வேகம், சதவீதம்.
இதற்குக் கட்டம் இல்லை.

கடைசி டாக்ஸிக்கு நேரமாகி அவன் போனபின்
முதல் வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
வெற்றுக் கரைசல்.
சதவீதக் கட்டத்தில், வழக்கப்படி, ஒரு சிறு கோடு.
மற்ற ஆறின் பெருமையும்
இது இழந்ததிலிருந்து கழித்துப் பெற்றதுதான்.

நீர்த்தொட்டியை எழுபதுக்குத் திருகினாள்.
புதிய துண்டுகளை இறக்கி
குடுவை வாய்களின் மேல் ஈர நீல லிட்மஸ் கட்டினாள்.
வெற்றுக் கரைசலின் மேல்
நான்கு நொடியில் சிவந்தது.
மருந்தின் மேல், இருபத்து மூன்று.

நோட்டில் அளவுகோல் வைத்து
மையால் இன்னொரு நெடுங்கோடு கிழித்தாள்.
கட்டம் வந்துவிட்டது;
தலைப்பு என்ன எழுதுவதென்று தெரியவில்லை.